மதினி வளர்த்த காடைகள்

சோழபுரத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் இருந்து என் மதினி ஓர் அட்டைப்பெட்டியோடு இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். சோப்புக் கட்டிகள் வந்த பெட்டி அது. நாலு பக்கமும் கத்தி முனையால் ஓட்டை போட்டு, மேலே சணலால் கட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. தலையில் வைக்க மனமில்லாமல், இடுப்பில் இடுக்கவும் பயந்து, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகும் பெட்டி அவள் மடியில்தான் இருந்தது. கண்டக்டர் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, காட்டில் ஓடுகிற காடையை வீட்டில் கொண்டுபோயா வளர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. தேவதானத்தில் வயல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, அங்கேயே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு நாளில் பிறந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வருவேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. மதினி அதற்கு நேர் எதிர். அவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னாள் என்றால், அதற்கு முன்னால் பல மாதம் அதை உள்ளுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறாள் என்று பொருள். அப்படிப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் அவள் கண்டுபிடித்ததுதான் காடை.

எல்லாம் அண்ணனுடைய நெஞ்சுக்காக. மீசை அரும்பிய வயதிலேயே அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குள் போய்விட்டார். பஞ்சுப் பொதியை உடைத்து, அடித்து, சுத்தம் செய்கிற புளோ ரூமில் வேலை. வீடு திரும்பும்போது புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் நாங்கள் அவரைக் கிழவன் என்று கேலி செய்வோம். பிறகு அந்தக் கேலி தானாக நின்றுபோனது. முதலில் வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்று மட்டும் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது என்றார். அப்புறம் அது மறுநாளுக்கும் நீண்டது. அப்புறம் எல்லா நாளும் ஆனது. மில்லில் எல்லாரும் செய்வதுபோல் அவரும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார். உள்ளே போன பஞ்சை வெல்லம் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. எத்தனை மூட்டை வெல்லம் தின்றாரோ, பஞ்சு இறங்கியபாடில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும் தூரத்துக்குள் நின்று நின்றுதான் வருவார். மூச்சு வாங்க நிற்கிறேன் என்று காட்டிக்கொள்ள மாட்டார். சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா போஸ்டரைப் பார்ப்பதுபோல் நிற்பார். ஒரே போஸ்டரைத் தினமும் அப்படிப் பார்ப்பார். தெருவில் பிள்ளைகள் அவரைப் பெரிய சினிமாப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மதினிக்கு இருந்த யோசனை ஒன்றே ஒன்றுதான். அவரை அந்த மில்லில் இருந்து உயிரோடு வெளியே எடுத்துவிட வேண்டும். பிள்ளை இல்லாத வீடு. இருக்கிற ஒருவரையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வெறி அவளுக்கு. ஆனால் மில்லை விட்டால் அடுத்த வேளை அடுப்புக்கு என்ன வழி? மாடு வாங்கினால் புல்லுக்கு நிலம் வேண்டும். ஆடு வாங்கினால் மேய்க்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் கொல்லையில் விறகு போட்டு வைத்திருந்த ஓர் ஓட்டு அறை. அந்தச் சமயத்தில் தேவதானத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில், அவள் அம்மா வழியில் தூரத்துச் சொந்தமான சோழபுரத்துக்காரர் ஒருவரைப் பார்த்திருக்கிறாள். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். பட்டாளத்தார் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். தோட்டத்தில் ஜப்பான் காடை வளர்ப்பதாகவும், ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும் என்றும், கறிக்கு அதற்கு முன்பே பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றும், ஒரு கோழி நிற்கிற இடத்தில் ஒரு குடும்பமே நிற்கும் என்றும் அவர் பந்தியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள், ஜப்பானில் இருந்து ரேடியோதான் வரும் என்று நினைத்தோம், காடையும் வருகிறதா என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். மதினி சிரிக்கவில்லை. சாப்பிட்ட இலையை எடுக்கும் முன்பே சோழபுரத்துக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

பட்டாளத்தார் பெட்டியைக் கொடுக்கும்போது வேண்டியதெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டு வெக்கை கொடுக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று அடைந்தால் குளிர்கிறது என்று அர்த்தம், சுவரோரம் ஒதுங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். தீவனத்தைத் திருகையில் போட்டுப் பொடியாக்க வேண்டும். தண்ணீர் வைக்கிற மூடியில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துளித் தண்ணீரிலேயே முங்கிச் செத்துவிடும். இதையெல்லாம் மதினி ஒன்றுவிடாமல் எங்களிடம் ஒப்பித்தாள். தரையில் என்ன பரப்புவது என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நெல் விளைகிற ஊர்க்காரர் அவர். உமியைத் தவிர வேறு ஒன்று யாருக்காவது தோன்றும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்குத் தோன்றியது பஞ்சு. மில்லுக்காரர் வீட்டில் வேறு என்ன தோன்றும்? அதுவரை காடை யோசனையைக் கண்டுகொள்ளாமல் இருந்த அண்ணன்தான் அதைச் சொன்னார். மில்லில் கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேஸ்திரியிடம் சொல்லி ஒரு சாக்கு வாங்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தார். கொல்லையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதிலிருந்த கொட்டைத் தூளையும் சருகையும் விரலால் பொறுக்கி எடுத்து, பிய்த்துப் பிய்த்துப் பூவாக்கினார். இருமிக்கொண்டேதான் செய்தார். மதினி நான் செய்கிறேன் என்று கையை நீட்டியபோது தள்ளிவிட்டார். இது தன் தொழில், இதில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார். அத்தனை வருஷம் அவர் கையில் பட்ட பஞ்செல்லாம் யாருக்கோ நூலாகப் போயிருந்தது. இது ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கென்று வந்த பஞ்சு. பல்புக்கு அடியில் உள்ளங்கை கனத்துக்கு அதைப் பரப்பி, பெட்டியைத் திறந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டார்கள். கட்டைவிரல் அளவுதான் ஒவ்வொன்றும். முதுகில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு. பஞ்சில் கால் புதைய நின்று விழித்தன. தெருவே வந்து பார்த்தது. ராஜபாளையத்தில் என் பிள்ளைகளுக்கே இப்படி மெத்தை கிடையாது என்று நான்கூடச் சொன்னேன். அண்ணன் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டு நாள் நன்றாக இருந்தன. அப்புறம் சில குஞ்சுகள் நொண்டத் தொடங்கின. எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழை விரலைச் சுற்றியிருந்தது. குஞ்சு நகர நகர அது முறுக்கேறி, கால் வீங்கி, நகம் கறுத்துப்போயிருந்தது. எங்கள் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரியை நான் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன் ஒவ்வொரு குஞ்சாக மல்லாத்திப் பிடித்து இழையை வெட்டினார். சிலவற்றின் விரலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. கால் நன்றாக இருந்தவையோ தீவனத்தைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. காலையில் பார்த்தால் மூலையில் சரிந்து கிடக்கும். ஒவ்வொரு நாளும் மதினி முறத்தில் அள்ளிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆள் அனுப்பிப் பட்டாளத்தாரை வரவழைத்தோம். அவர் அறைக்குள் குனிந்து பார்த்தார். யார் இதில் பஞ்சைப் போட்டது என்று கேட்டார். அண்ணன் வாய் திறக்கும் முன்பே மதினி, நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. அன்று செத்த ஒரு குஞ்சை எடுத்து, கட்டைவிரல் நகத்தாலேயே அதன் தொண்டைப் பையைக் கீறிக் காட்டினார். உள்ளே இரைக்குப் பதில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டை இருந்தது. உமி, கடலைத்தோல் எதையாவது போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். அண்ணன் அந்த உருண்டையை எடுத்து விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டுப் பஞ்சுக்கேவா செத்துரும்?" என்று கேட்டார்.

மதினி அவர் விரலில் இருந்த உருண்டையை வாங்கி வெளியே எறிந்தாள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மறுநாளே சோழபுரத்துக்குப் போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்தாள். இந்த முறை உமி. இந்த முறை அவள் அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். பல்பு அணைந்தால் அரிக்கேன் விளக்கு, வெக்கை கூடினால் ஓட்டில் நனைந்த சாக்கு என்று, குழந்தை பெற்றவள்கூட அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். குஞ்சுகள் பிழைத்தன. இறகு முளைத்தது. நெஞ்சு செம்பட்டையாக இருந்தால் சேவல், புள்ளி விழுந்திருந்தால் பெட்டை என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் முட்டையை அண்ணன்தான் பார்த்தார். பழுப்பில் மை தெறித்ததுபோல் புள்ளிகள். ஒரு முட்டையின் புள்ளி இன்னொன்றில் இருக்காது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏட்டி, நெசமாவே இட்டுருச்சு என்று மதினியைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. ராஜபாளையத்தில் பிராந்திக் கடைப் பக்கத்து ஓட்டல்காரர்கள் கறிக்குக் கேட்டார்கள். முட்டையை ஊர்க்காரர்கள் வீட்டுக்கே வந்து வாங்கினார்கள். காடை முட்டை மூச்சிளைப்புக்கு நல்லது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. இளைப்புக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள். மதினி முதல் முட்டைகளை எடுத்து அண்ணனுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பாள். அவரும் தினமும் அவித்துத் தின்றார். ஒருநாள் மில்லில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். மில்லுக்காரர்கள் யாரும் நிறுத்தப் பார்க்கவில்லை. இருமுகிறவனை எந்த மில் தாங்கிப் பிடித்திருக்கிறது? மதினி அன்று பாயசம் வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

சில மாதங்கள் ஜெயித்தும் இருந்தோம். அவர் முகம் தெளிந்தது. போஸ்டர் பார்க்காமல் நடந்தார். காடை அறையே கதி என்று கிடந்தார். மரச்சட்டம் அடித்து, கம்பி வலை இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டு செய்தார். மலையில் இருந்து இறங்குகிற வாடைக்காற்று குஞ்சுக்கு ஆகாது, பூனையும் பாம்பும் வரும் என்று ஜன்னலை எல்லாம் சாக்கு வைத்து அடைத்தார். பட்டாளத்தாருடைய கொட்டகை நாலு பக்கமும் திறந்து, தோப்புக் காற்றில் நின்றுகொண்டிருந்தது. எங்களுடையது விறகு அறை. உள்ளே போனால் எச்சத்தின் காரம் கண்ணில் ஏறும். காடைகள் ஒருசேரச் சிறகடித்தால் உமித் தூளும் இறகுத் தூளும் எழும்பி, ஓட்டுச் சந்து வழியாக விழுகிற வெயில் பட்டையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவருவேன். அண்ணன் அதற்குள்ளேயே மணைபோட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டே தீவனம் வைப்பார்.

இருமல் திரும்பி வந்தது. மில்லை விட்டவனுக்கு உள்ளே கிடந்த பஞ்செல்லாம் வெளியே வருகிறது, வரட்டும், நல்லதுதான் என்று பழைய மில்லுக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பிச் சந்தோஷப்பட்டோம். அவர் இருமினால், வருது பாருங்க, வருது பாருங்க என்று மதினி முதுகைத் தடவிக் கொடுப்பாள். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம். இரண்டு முட்டை சாப்பிட்டவர் நாலு சாப்பிட்டார். மார்கழியில் உதடு நீலம் பாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்த பிறகுதான் ராஜபாளையத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் மில்லைப் பற்றிக் கேட்டார். விட்டுவிட்டார் என்று சொன்னோம். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். காடை வளர்க்கிறோம் என்று மதினி பெருமையாகச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். எங்கே வைத்து வளர்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்று கேட்டார். எச்சத்தின் காரமும் இறகுத் தூசியும் பழுதான இந்த நெஞ்சுக்கு விஷம், இனி இவர் பறவை இருக்கிற வீட்டில் இருக்கக் கூடாது என்றார். மதினி எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மில்மேல் வந்தது. சாமிமேல் வந்தது. பாவம் அந்தக் காடைகள்மேலும் வந்தது. எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிடுங்கள் என்று பஸ்ஸில் வைத்தே கத்தினேன். மதினியும் விற்கிறேன் என்றுதான் சொன்னாள். சம்மதிக்காதவர் அண்ணன். மில் திரும்ப எடுக்காது, வேறு வேலைக்கு உடம்பு இல்லை, மருந்துக்கும் சோற்றுக்கும் இந்தக் காடைதான் இருக்கிறது என்று மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"நீ என்னைய மில்லுல இருந்து எடுத்ததே இத வச்சுத்தான். இதையும் வித்துட்டா நீ பட்ட பாட்டுக்கு என்னட்டி அர்த்தம்?"

காடைகளை வேறு இடத்துக்கு மாற்ற மதினி தெருத் தெருவாக அலைந்தாள். நாற்றத்துக்குப் பயந்து யாரும் இடம் கொடுக்கவில்லை. காடை போக முடியாத வீட்டில் இருந்து கடைசியில் அண்ணன்தான் போனார். ராஜபாளையத்தில் என் வீட்டு முன் அறையில் அவருக்குக் கட்டில் போட்டேன். என் வீட்டுக்காரர் முகம் சுளிக்காதவர். அந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள். மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருந்து, காடை விற்று, அவருக்கு மருந்தும் மாத்திரையும் கொடுத்தனுப்பினாள். அவரை வீட்டில் வைத்துக் காப்பாற்றத்தான் அவள் காடையைக் கொண்டுவந்தாள். அந்தக் காடை அவரை வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டு, அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இதை நினைத்து நினைத்து நான் ஆறியதே இல்லை.

உடம்பு கொஞ்சம் இடம் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போவேன். நேராக வீட்டுக்குள் போக முடியாது. தெருமுனை டீக்கடை பெஞ்சில் நாங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மதினி காடை அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து, முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, வீட்டைத் துடைத்து, தலைக்குக் குளிப்பாள். அறைக்குள் போகும்போது கட்டுகிற சேலையைக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியில் தனியாக வைத்திருக்கும் சேலையை எடுத்து உடுத்துவாள். அப்புறம் ஈரத் தலையோடு தெருமுனைக்கு வந்து, வரலாம் என்று கையைக் காட்டுவாள். அந்தக் கை தெரியும்வரை அண்ணன் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருப்பார்.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா உக்காந்திருக்கேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

உள்ளே போனால் அவள் சோறு போடுவாள், அவர் சாப்பிடுவார். எத்தனை இட்டது, எந்தக் கூண்டில் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று கேட்பார். கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். செத்த நேரம் பார்த்துவிட்டு வருகிறேனே என்று கெஞ்சுவார். அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவோம். அவள் தெருமுனைவரை வருவாள். பஸ் ஏறுகிற இடம்வரைகூட வரமாட்டாள், தீவனம் வைக்க நேரமாகிவிடும். ஒவ்வொரு தடவை போகும்போதும் அண்ணன் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். அது மதினிக்கும் தெரிந்தது. அவள் சோற்றை இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தாள்.

இன்றைக்கு ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் காடை வறுக்கிறார்கள். முட்டையை வேகவைத்து மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கித் தின்கிறார்கள். எனக்கு அந்த வாடை பட்டாலே குமட்டும், சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவேன். மதினிக்கு அப்படி வெறுக்கக்கூட வசதி இருந்ததில்லை. அண்ணன் போன பிறகும் பல வருஷம் அவள் அதை வைத்துத்தான் சாப்பிட்டாள். எப்படி மனசு வருகிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். வேறு எந்தத் தொழில் தனக்குத் தெரியும் என்று கேட்டாள். இப்போது தேவதானத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணனைப் பற்றி நான்தான் பேசுவேன்.

அண்ணன் என் வீட்டு முன் அறையில், விடிகிற நேரத்தில் இறந்தார். அதற்கு முந்தைய பல ஞாயிறுகள் அவரால் எழ முடியாமல் போய்விட்டது. தன் வீட்டைப் பார்க்காமலேயே போனார். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் மதினிக்குச் சொன்னார். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்றார். ஒரு வேன் பிடித்து, நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வேன் தெருமுனையில் திரும்பும்போது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதினி ஓடிவந்தாள். வந்து வேன்மேல் விழுந்து அழுவாள் என்று நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் வேனுக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள்.

"அங்கனயே நிறுத்துங்க. செத்த நேரம் நிறுத்துங்க. வீடெல்லாம் தூசியாக் கெடக்கு" என்றாள்.

திரும்பி உள்ளே ஓடினாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார். கொல்லைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வாளி தரையில் உரசுகிற சத்தம். துடைப்பம். தண்ணீர் தெளிக்கிற சத்தம். நான் இறங்கிப்போய் அவளைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம், என்னால் முடியவில்லை. அண்ணன் தலை என் மடியில் கனத்தது. ஒரு வேன் நிறையச் சனம், தெரு நிறையச் சனம், யாரும் அசையவில்லை. காடைச் சேவல்கள் மட்டும் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

அப்புறம் அவள் வந்தாள். தலையில் இருந்து தண்ணீர் சொட்டியது. டிரங்குப் பெட்டிச் சேலையைக் கட்டியிருந்தாள், மடிப்புக்கூடக் கலையவில்லை. தெருவின் பாதிவரை வந்து நின்று, எங்களைப் பார்த்து, வரலாம் என்று கையைக் காட்டினாள்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனோம். முற்றம் ஈரமாக இருந்தது. வீட்டுக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை.